முடி துறத்தலும் பதவி விலகலும்

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கட்டுரையில், "சுல்தான் ஐந்தாம் முகமட் 2019ஆம் ஆண்டில் முடி துறந்தார்" என்று எழுதியிருந்தாள். சரியென்று குறியிட்டு ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்னர்தான் ஐயம் எழுந்தது. அவ்வையம் என்னை அகராதியையும் நாட்டின் அரசியலமைப்பையும் ஒருங்கே புரட்ட வைத்தது. ஆசிரிய அன்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, கண்டவற்றை இங்கு எழுதுகின்றேன்.

முடி என்பதற்குத் தலைமயிர் என்றும் மகுடம் என்றும் பொருளுண்டு. (வகுப்பில் இத்தொடரைச் சொன்னால், "பத்துமலையில் மொட்டை போடுவதா, ஐயா?" என்று ஒரு பையனாவது கேளாமல் இரான்.) 'முடி துறத்தல்' என்னுமிடத்து முடி மகுடத்தளவில் நில்லாது அரசாட்சியையே குறிக்கின்றது, ஆகுபெயர். இதை மறந்தால் இடர்ப்படுவோம். எட்டாம் எட்வர்டு மன்னர் 1936 டிசம்பரில் ஆட்சியை விட்டபோது அவருக்கு முடிசூட்டு விழாவே நடந்திருக்கவில்லை. அது 1937 மே மாதத்துக்குக் குறிக்கப்பட்டிருந்தது. எனினும் அவ்வாண்டு ஜனவரி முதல் அவர் மன்னராக இருந்தார். ஆதலின் அவர் முடி துறந்தார் என்பது பிழையன்று. நம் மாமன்னர் அரியணை அமரும் விழாவில் அணிவதும் தெங்கோலோக் என்னும் தலைப்பாகையே. அதனாலும் சொல்லுக்குக் குறையில்லை.

இடர் முடியில் இல்லை; துறத்தலில் இருக்கின்றது. துறத்தலாவது, ஒருவன் தனக்கு உரியதைத் தானே விரும்பி விடுதல். உரிமை இல்லாதவனுக்குத் துறவும் இல்லை. திருக்குறளின் 35ஆம் அதிகாரத்துக்குப் பெயராக நின்ற சொல் இது, பெருமை உடையது. மக்களோடு மாறுபாடு முற்றி, ஆட்சியை விட்டு வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனுக்கு இச்சொல் முழுதும் பொருந்தும். பிறர் பறித்துக்கொண்டதற்குப் பொருந்துமா? பேராக்கின் சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர் 1877இல் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினர். அவரை 'முடி துறந்தவர்' என்றெழுதுவது, பறித்தவர்க்கு நாமே சான்று வழங்குவதாகும். அவர் முடி இழந்தவர். எகிப்து மன்னர் பாரூக், 1952 ஜூலை 26இல் படையினர் நெருக்கக் கையொப்பமிட்டார். அத்தகையோரை 'முடி துறக்க நேர்ந்தது' என்று எழுதினால் உண்மையும் கெடாது, தமிழும் கெடாது.

இளங்கோவடிகளை 'முடி துறந்த முனிவர்' என்று மேடையில் போற்றுவதுண்டு, யானும் போற்றியிருக்கிறேன். அவரோ அரியணை ஏறாதவர். சிலப்பதிகாரப் பதிகம் துறத்தலோடு 'அரசு' என்னும் சொல்லைத்தான் சேர்க்கின்றது, முடியைச் சேர்க்கவில்லை. அரசு என்பது அங்கே அரசுரிமை. பரதனோ, வந்த ஆட்சியைத் தனக்குரியதென்றே ஏலாதவன், அவன் மறுத்தவன்.

இனி, மாணவியின் தொடருக்கு வருவோம். சுல்தான் ஐந்தாம் முகமட் 2019 ஜனவரி 6இல் விட்டது மாமன்னர் பதவியை. கிளந்தான் சுல்தானாக அவர் தொடர்ந்தார். அவரது முடி அவரிடமே இருந்தது. அரசியலமைப்பின் 32ஆம் பிரிவும், ஐந்தாண்டுத் தவணைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் மாமன்னர், ஆட்சியாளர் மன்றத்துக்குத் தம் கைப்பட எழுதிப் பதவி விலகலாம் என்றே கூறுகின்றது. 'மாமன்னரும் மன்னர்தாமே, அவருக்கும் அரியணை உண்டே' என்பார் உளர். அங்ஙனமாயின் தவணை முடிந்து தம் மாநிலம் திரும்பும் ஒவ்வொரு மாமன்னரையும் முடி நீங்கினார் என்போமா?

வியப்பு என்னவென்றால், அதே ஜனவரியில் மெய்யான முடி துறத்தலும் நம் நாட்டில் நிகழ்ந்தது. பகாங் சுல்தான் அகமட் ஷா உடல்நலக் குறைவால் ஆட்சியை விட, 15ஆம் நாள் அவர் மகன் சுல்தான் அப்துல்லா அரியணை ஏறினார். மாத இறுதியில் மாமன்னரும் ஆனார். ஒரே திங்களில் இருவேறு செயல்கள். இரண்டையும் ஒரு சொல்லால் எழுதினால் வேறுபாடு மறைந்துபோம். மலாய்மொழியில் பதவியைக் கீழே வைத்தலை 'மெலெத்தாக் ஜவாத்தான்' என்றும், அரியணை விட்டு இறங்குதலை 'துருன் தக்தா' என்றும் பிரித்தே வழங்குவர். நமக்கும் இருசொல் உள்ளன, பயன்படுத்தத்தான் மனமில்லை.

'இராஜினாமா' என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் இராஜா யாரும் இல்லர். பாரசீகத்து 'ராஜிநாமா' இசைவுப் பத்திரத்தைக் குறித்தது. அதுவே பின்னர் விலகற் கடிதமாயிற்று. முதலெழுத்தைக் கண்டு அரசரோடு உறவு கற்பிப்பது வீண்.

துறத்தல் மலிவாகிவிட்டதும் வருத்தமே. ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பில் தோற்ற தலைவரை, மறுமாத அறிக்கை 'பதவியைத் துறந்த பெருந்தகை' என்று எழுதியது. உடன் தோற்ற செயலாளர் மட்டும் அதே அறிக்கையில் 'தோல்வியுற்றார்'. அறிக்கையை எழுதியவர் யாரென்று யான் கேட்கவில்லை.

மறுவாரம் அம்மாணவியை அழைத்து, 'மாமன்னர் பதவியிலிருந்து விலகினார்' என்று திருத்தச் சொன்னேன். காரணத்தையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பின்பு, "நீங்கள் முன்பே சரி போட்டுவிட்டீர்களே, ஐயா, மதிப்பெண் குறையுமா?" என்றாள். குறையாது என்றேன், பிழை அவளுடையது மட்டும் அன்றே.