காரையா, கண்டிகோட்டாவா: கார் எடுக்குமுன் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் யூட்டா, அரிசோனா பக்கம் போய்விட்டு அனுப்பும் படங்கள் நல்லூர், விருத்தாசலம் வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. சயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என ஐந்து தேசியப் பூங்காக்கள் யூட்டா என்ற ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால் காரிலேயே ஐந்தையும் பார்த்துவிடலாம். அந்தப் படங்களைப் பார்த்து இங்கே ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆந்திரத்தின் கண்டிகோட்டாவுக்குத்தான் திட்டம் போடுகிறார்கள். தண்ணீர் அறுத்துச் செதுக்கிய நிலத்தைப் பார்க்க நம் வட்டாரத்திலிருந்து கிளம்பும் குடும்பம் முதலில் போக வேண்டிய இடம் அதுதானா என்பதே இங்கே கேள்வி.

பிரம்மாண்டம் மட்டும் அளவுகோல் என்றால் விவாதத்துக்கே இடமில்லை. கொலராடோ ஆறு அறுத்த கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளம், 1,800 மீட்டருக்கு மேல் ஆழம். அதன் பக்கத்தில் வைக்க இந்தியாவின் தென்பகுதியில் எதுவும் கிடையாது. கண்டிகோட்டா அந்த வகையைச் சேர்ந்தது, அளவில் மிகச் சிறியது. கடப்பா மாவட்டத்தில் ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில் எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போகிறது. நூறு கோடி ஆண்டுக்கும் மேல் வயதான சிவப்புப் பாறை, விளிம்பில் ஒரு கோட்டை, கீழே ஆறு. கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விருத்தாசலத்திலிருந்து போவதிலேயே ஒரு முழுப் பகல் சாலையில் கழிந்துவிடும், திரும்பி வர இன்னொரு பகல். போய்ச் சேர்ந்ததும் பார்ப்பது ஒரு விளிம்பிலிருந்து தெரியும் ஒரு காட்சி. அந்தப் பாறைக்கும் நாம் தினமும் மிதிக்கிற மண்ணுக்கும் தொடர்பு கிடையாது.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? வேப்பூரில் நான்குவழிச் சாலை ஏறித் தெற்கே போனால் தொழுதூர், பெரம்பலூர், சிறுவாச்சூர் தாண்டி ஆலத்தூர் கேட் வரும். அங்கே கிழக்கே திரும்பினால் காரை, கொளக்காநத்தம். மானாவாரிக் காட்டுக்கு நடுவே தரை திடீரென்று பிளந்து மேடும் ஓடையுமாக விரிகிறது. புல்கூட அரிதாக முளைக்கும் களிமண் மேடுகள், சாம்பலும் செம்மண்ணும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக. நிலவியலாளர்கள் இதை பேட்லேண்ட் என்கிறார்கள். இங்கே ஆறு எதையும் அறுக்கவில்லை. மழை நேராக விழுந்து, பிடிப்பில்லாத களிமண்ணைக் கரைத்து, ஆயிரக்கணக்கான சிறு வாய்க்கால்களாகக் கீறியிருக்கிறது. ஆகவே இதைக் கேன்யன் என்று விளம்பரப்படுத்துவது தவறு. பாலைவனம் என்பதும் தவறு. யூட்டாவின் மோவாபில் பெய்வதைப்போலப் பல மடங்கு மழை பெரம்பலூரில் பெய்கிறது. ஆனாலும் மண் அரிக்கப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க வேண்டுமென்றால் கண்டிகோட்டாவைவிட இதுவே நல்ல பாடம்.

காரையில் உட்கார்ந்து தரையைப் பார்க்க வேண்டும். களிமண் வெடிப்புகளில் ஜிப்சம் கண்ணாடிச் சில்லுகளாக மின்னும். நார் நாராகப் பிரியும் வெள்ளைப் பட்டைகளும் உண்டு. அவற்றுக்கு நடுவே துப்பாக்கித் தோட்டா அளவில் பழுப்பு நிறக் கூர்கற்கள் சிதறிக் கிடக்கும். அவை பெலம்னைட்டுகள், கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். இந்தப் பகுதியின் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக 1862-இல் பிரித்து எழுதியவர் எச். எஃப். பிளான்ஃபோர்டு. பின்னர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த உயிர்ப்படிவங்களை ஆண்டுக்கணக்கில் விவரித்தார். உலகின் நிலவியல் மாணவர்கள் நூற்று அறுபது ஆண்டுகளாக அறிந்த இடத்தைப் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் பலர் பார்த்ததே இல்லை.

காரைக்கு அருகிலேயே சாத்தனூர். கடற்படிவுகளுக்குள் புதைந்து கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளத்துக்கு அங்கே கிடக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை வெளியுலகுக்குத் தெரிவித்தார். ஒரே ஒரு மரம்தான் என்பதால் அரைமணி நேரத்துக்கு மேல் அங்கே வேலையில்லை. இதை மட்டும் பார்க்கப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். காரையோடு சேர்த்துப் பார்த்தால்தான் கடலும் கரையும் காடும் ஒன்றாகப் புரியும்.

வடக்கே மயிலம் வழியில் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமியன்று போகும் கூட்டத்தில் பலர் பக்கத்திலுள்ள கல்மரப் பூங்காவுக்குள் நுழைவதில்லை. சுமார் 247 ஏக்கரில் இருநூறு கல்மரங்கள் வரை. அவற்றின் வயது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு. 1781-லேயே சோன்னரே என்ற ஐரோப்பியர் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். வளர்ச்சி வளையம் தெளிவாகத் தெரியும். கணுவும் பட்டையும் மரம்தான் என்று கண் சொல்லும், தொட்டால் கல்லின் குளிர்ச்சி. வேரும் கிளையும் இல்லாததால் இவை இங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டவை என்பது நிலவியலாளர் முடிவு.

நம் வட்டாரத்துக்குத் திருவக்கரை இன்னொரு வகையில் நெருக்கம். அந்த மரங்கள் பதிந்திருக்கும் படிவத்துக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். அதே மணற்கல் விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டிப் பக்கமெல்லாம் பரந்து கிடக்கிறது. முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண் அதன் மேல்தோல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிவரும் வெள்ளைக் களிமண்தான் விருத்தாசலம் செராமிக் தொழிலுக்கு அடிப்படை. பொம்மையும் மின்கம்பப் பீங்கானும் செய்கிற ஊரில், அந்த மண் எங்கிருந்து வந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பயணம் கிடையாது.

குறைகளையும் எடை போட வேண்டும். திருவக்கரைக்கும் சாத்தனூருக்கும் நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பு உண்டு. காரைக்கு வாயிலும் இல்லை, வரைபடமும் இல்லை, நிழலும் இல்லை, விளக்கிச் சொல்ல ஆளும் இல்லை. அமெரிக்காவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் கல்மரங்களுக்காகவே 1906-இல் தேசிய நினைவுச்சின்னமாகி, 1962-இல் தேசியப் பூங்காவானது. நம் 1972 வனவுயிர்ச் சட்டம் தேசியப் பூங்கா அறிவிக்கக் காரணங்களை அடுக்கும்போது நில அமைப்பையும் குறிப்பிடுகிறது. ஆனால் நோக்கம் வனவுயிர்ப் பாதுகாப்பு என்றே வரையறுக்கிறது. கல்லுக்கும் களிமண்ணுக்கும் அதில் தனி இடம் கிடையாது. நிலவியல் பாரம்பரிய இடங்களுக்கான சட்ட வரைவை ஒன்றிய அரசு 2022-இல் வெளியிட்டது. அது சட்டமாவது காரைக்கு மிக அவசியம். ஏன் என்பதற்கு அரியலூர்க் கள்ளமேடே சான்று. யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் பிருகத்காயசாரஸ் என்று பெயரிட்ட ராட்சத டைனோசரின் எலும்புகள் அங்கே கிடைத்தன. அவை நொறுங்கி அழிந்துபோயின. இன்று பரிசோதிக்க எதுவும் மிச்சமில்லை.

திட்டத்தில் இன்னொரு சிக்கல் திசை. திருவக்கரை வடக்கே, காரை தெற்கே. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. காரை, சாத்தனூருக்கு ஒரு நாள், திருவக்கரைக்கு இன்னொரு நாள் என்று பிரிப்பதே சரி. ஜனவரி, பிப்ரவரி உகந்த மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காரைக் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. மழைக்கு வாய்ப்பிருந்தால் ஓடைக்குள் இறங்காதீர்கள். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில் பதினொரு பேர் இறந்தது எங்கோ தொலைவில் பெய்த மழையின் வெள்ளத்தில். காரை ஓடைகள் அவ்வளவு ஆழமில்லை என்றாலும் வழுக்கும் களிமண் கரையில் ஏறித் தப்புவது எளிதல்ல. தண்ணீர், தொப்பி, சாப்பாடு எல்லாம் கையோடு வேண்டும்.

காட்சியின் பிரம்மாண்டத்தில் கண்டிகோட்டா முன்னே நிற்கிறது, அதை மறுக்கவில்லை. தூரம், செலவு, கற்றுக்கொள்ளக் கிடைப்பது, நம் மண்ணோடு உள்ள உறவு ஆகிய எல்லாவற்றிலும் காரை அதை மிஞ்சுகிறது. முதல் பயணம் காரைக்கு, இரண்டாவது திருவக்கரைக்கு. கண்டிகோட்டா மூன்று நாள் விடுமுறை வரும்வரை காத்திருக்கட்டும். போகிறவர்களிடம் ஒன்றே கேட்கிறேன்: காரையில் ஒரு பெலம்னைட்டைக்கூடப் பையில் போடாதீர்கள். அங்கே காவலுக்கு ஆளில்லை.