கிளப் ஒப்பந்தமும் நாட்டின் சீருடையும்

2023 மார்ச் 15, மியாமி. உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் போர்ட்டோ ரிக்கோ அணி டொமினிக்கன் குடியரசை 5-2 என்று வென்று காலிறுதிக்குள் நுழைந்தது. கடைசி இன்னிங்ஸில் பந்து வீசியவர் எட்வின் டியாஸ். எதிர்கொண்ட மூன்று பேரையும் ஸ்டிரைக் அவுட் செய்தார். சக வீரர்களோடு கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது முழங்காலின் தசைநாண் அறுந்திருந்தது. சக்கர நாற்காலியில் அவரைக் கொண்டுபோனார்கள். அதே அணியில் இருந்த தம்பி அலெக்சிஸ் களத்திலேயே நின்று அழுதார்.

நான்கு மாதங்களுக்கு முன்புதான் நியூயார்க் மெட்ஸ் கிளப் டியாஸோடு 5 ஆண்டுகளுக்கு 10 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. 2023 பருவம் முழுவதும் அந்தக் கிளப்புக்காக அவரால் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. முந்தைய பருவத்தில் 101 ஆட்டங்களில் வென்ற மெட்ஸுக்கு அந்த ஆண்டு கிடைத்தது 75 வெற்றிகள். சரிவுக்கு டியாஸ் ஒருவர் இல்லாததே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கிளப்பின் ரசிகர்கள் கேட்ட கேள்வியை ஒதுக்கிவிடவும் முடியாது. சம்பளம் கொடுப்பது ஒரு கிளப். உடலைப் பணயம் வைப்பது வேறொரு சட்டைக்காகவா? தொழில்முறை பேஸ்பால் வீரர்கள் சர்வதேசப் போட்டிகளில் ஆடத்தான் வேண்டுமா?

இதற்கு உணர்ச்சியில் பதில் சொல்வது சுலபம். நாட்டுப்பற்று என்று ஒரு பக்கம் முழங்கலாம், ஒப்பந்தம் என்று மறுபக்கம் அடித்துப் பேசலாம். எடைபோட வேண்டியவை வேறு: வீரரின் உடலுக்கு வரும் ஆபத்து எவ்வளவு, கிளப்பின் இழப்பை ஈடுகட்ட வழி உண்டா, வீரர்கள் வராவிட்டால் இழப்பு யாருக்கு, எந்தப் போட்டி அவர்களுடைய வருகைக்குத் தகுதியானது?

முதலில், காலாவதியான ஒரு வாதத்தை அப்புறப்படுத்திவிடலாம். சர்வதேச மேடை அமெச்சூர்களுக்கே உரியது என்பது அது. 1992இல் பார்சிலோனாவில் பேஸ்பால் முறையான ஒலிம்பிக் விளையாட்டானபோது அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. அந்தத் தங்கத்தையும் 1996 அட்லாண்டா தங்கத்தையும் கியூபா வென்றது. கியூப வீரர்கள் பெயருக்குத்தான் அமெச்சூர்கள். அரசின் பராமரிப்பில் ஆண்டு முழுவதும் பேஸ்பாலையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களை எதிர்த்த அமெரிக்க அணியில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். சமம் என்று சொல்லிக்கொண்டு நடந்த சமமற்ற போட்டி அது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டாம் நிலையான மைனர் லீக்கின் வீரர்களைக் கொண்டு டாமி லசோர்டா வழிநடத்திய அமெரிக்க அணி, இறுதியில் கியூபாவை 4-0 என்று வென்றது. அமெச்சூர் தூய்மை என்ற வாதம் அதற்குப் பிறகு எழவே இடமில்லை.

காயம் பற்றிய வாதம் கனமானது. டியாஸ் விழுந்த மூன்றாம் நாள், காலிறுதியில் வெனிசுவேலாவுக்கு ஆடிய ஹோசே அல்ட்டுவேயின் கையில் பந்து பட்டுக் கட்டைவிரல் முறிந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு அவர் திரும்பியது மே மாதத்தில். ஒரே வாரத்தில் இரண்டு பெரிய வீரர்கள். போட்டியையே நிறுத்துங்கள் என்று குரல்கள் எழுந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த வசந்தத்தின் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் கேவின் லக்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். மார்ச் 23இல் பிலடெல்பியா பிலீஸின் ரீஸ் ஹாஸ்கின்ஸுக்கும் அதே கதி. இருவரும் எந்த நாட்டுக்காகவும் ஆடவில்லை. தங்கள் கிளப்பின் பயிற்சி ஆட்டத்தில், கிளப்பின் சட்டையோடுதான் விழுந்தார்கள். டியாஸின் காயமோ ஆட்டத்தில் வந்ததே அல்ல, கொண்டாட்டத்தில் வந்தது. மார்ச் மாதத்தில் வீரர் எங்கே ஆடினாலும் ஆபத்து உண்டு. ஆகவே, சர்வதேசப் போட்டி அந்த ஆபத்தை எந்த அளவுக்குக் கூட்டுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மட்டையாளர்களுக்கு அது பெரிதாகக் கூட்டுவதாகத் தெரியவில்லை. பந்து வீச்சாளர்களின் நிலை வேறு. பிப்ரவரியில் பயிற்சி தொடங்கும்போது அவர்கள் ஓர் இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று படிப்படியாகத்தான் கையைப் பழக்குவார்கள். அந்த நிலையில் இறுதிப்போட்டி வேகத்தில் வீசச் சொன்னால் தோளும் முழங்கையும் தாங்குமா? ஜப்பானின் டைசுகே மட்சுசாகா 2006, 2009 இரண்டு கிளாசிக்குகளிலும் சிறந்த வீரர் விருது பெற்றவர். 2008இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு 18 வெற்றி, 3 தோல்வி என்று ஜொலித்தவர், 2009 கிளாசிக்குக்குப் பின் 4 வெற்றி, 6 தோல்வி என்று இறங்கினார். முன்பே இருந்த காயத்தை மறைத்துக்கொண்டு ஆடினார் என்பது பின்னாளில் வெளிவந்தது. கிளாசிக்தான் அவரைக் கெடுத்தது என்று இதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் வீரரின் ஆர்வத்தையே நம்பி மருத்துவச் சோதனையைத் தளர்த்தக்கூடாது என்பதற்கு இது போதுமான சான்று.

போட்டியை நடத்துபவர்கள் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 2023இல் முதல் சுற்றில் ஒருவர் 65 பந்துகளும், காலிறுதியில் 80ம், அரையிறுதி, இறுதியில் 95ம் தாண்டக்கூடாது. 50 பந்துகளை எட்டினால் நான்கு நாள் கட்டாய ஓய்வு. தரம் குறைகிறது, பயிற்சியாளரின் கை கட்டப்படுகிறது என்று இதைக் குறைசொல்வோர் உண்டு. எனக்கு இது சரியான விலையாகவே படுகிறது. நாட்டுக்காக ஆடுகிறார் என்பதற்காக ஒருவர் கையை இழக்க வேண்டியதில்லை.

அடுத்தது பணம். பெரிய ஒப்பந்தம் உள்ள வீரர் கிளாசிக்கில் ஆட வேண்டுமானால் அவருடைய சம்பளத்துக்குக் காப்பீடு இருக்க வேண்டும். டியாஸ் ஆடாத பருவத்தின் சம்பளச் சுமை மெட்ஸின் தலையில் விழாமல் தடுத்தது இந்த ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. பழைய காயங்கள் உள்ள வீரருக்குக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டால், அவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். டாட்ஜர்ஸ் பந்து வீச்சாளர் கிளேட்டன் கெர்ஷா 2023இல் அமெரிக்காவுக்கு ஆட ஆசைப்பட்டார். காப்பீட்டுச் சிக்கலால் முடியவில்லை. நாட்டு அணியில் யார் ஆடுவது என்பதைக் கடைசியில் காப்பீட்டு நிறுவனம் தீர்மானிக்கிறது. சம்பளத்தை ஈடுகட்டலாம், களத்தில் இழந்த வெற்றியை எந்தக் காப்பீடும் திருப்பித் தராது என்பது கிளப்புகளின் மறுப்பு. அது உண்மை. அதனால் கிளப்புக்கு இழப்பு உண்டு என்பது நிலைக்கிறது. வீரரைத் தடுக்கும் உரிமை உண்டு என்பது அதிலிருந்து பிறப்பதில்லை. கிளப் வாங்கியிருப்பது வீரரின் உழைப்பை, அவருடைய பிறப்பையும் ஊரையும் அல்ல.

இனி, அதிகம் பேசப்படாத பக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் முதல்நிலை லீக்கான மேஜர் லீக்கின் வீரர்கள் யாரும் வரக்கூடாது என்று நாளையே விதி வந்தால் இழப்பு யாருக்கு? அமெரிக்காவுக்கு அல்ல. மைனர் லீக்கிலும் கல்லூரிகளிலும் அதற்கு ஆள் இருக்கிறது. டொமினிக்கன் குடியரசின் நிலையைப் பாருங்கள். மேஜர் லீக் பருவம் தொடங்கும் நாளில் அந்தச் சிறு நாட்டில் பிறந்தவர்கள் சுமார் நூறு பேர் அணிகளில் இருக்கிறார்கள். வெனிசுவேலா, போர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றின் தலைசிறந்த வீரர்களும் அங்கேதான். அந்த லீக் கதவை மூடினால் இந்நாடுகளின் உண்மையான அணி உலகின் கண்ணுக்கே வராது. 2013 கிளாசிக்கில் டொமினிக்கன் குடியரசு ஆடிய 8 ஆட்டங்களிலும் வென்று கோப்பையை எடுத்ததே, அந்த வெற்றியே இருந்திருக்காது. பதினாறு வயதிலேயே பிள்ளைகளை ஒப்பந்தம் செய்து அழைத்துப்போகும் ஒரு தொழில், அதே பிள்ளைகள் வளர்ந்து தாய்நாட்டுக்கு ஆட வரும்போது தடை போட்டால் அது நியாயமே அல்ல. இந்த விவாதத்தில் என் தராசைச் சாய்ப்பது இதுதான்.

களத்தில் கிடைக்கும் தரமும் சிறியதல்ல. 2023 இறுதிப்போட்டி, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். ஜப்பான் 3, அமெரிக்கா 2. பந்து ஷோஹெய் ஓட்டானி கையில், மட்டை மைக் ட்ரவுட் கையில். மூன்று பால், இரண்டு ஸ்டிரைக். ஓட்டானி வெளிப்பக்கமாக வளைந்து போகும் ஸ்லைடரை வீசினார், ட்ரவுட் மட்டையைச் சுழற்றிக் கோட்டைவிட்டார், கோப்பை ஜப்பானுக்கு. இருவரும் 2018 முதல் ஏஞ்சல்ஸ் கிளப்பில் சேர்ந்து ஆடியவர்கள். சேர்ந்து ஆடிய அந்த ஆண்டுகளில் கிளப் ஒருமுறைகூட பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. லீக் அவர்களுக்குத் தராத மேடையையும், ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் வாய்ப்பையும் நாடுகளின் போட்டிதான் தந்தது. ஜப்பானில் அது வார நாள் காலை நேரம். அப்படியும் தொலைக்காட்சிப் பார்வை விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டியது.

அதே போட்டியில் செக் குடியரசும் ஆடியது. அதன் வீரர்களில் பலர் வேறு வேலை செய்து பிழைப்பவர்கள். மின்துறை ஊழியரான ஒன்ட்ரேய் சடோரியா, டோக்கியோ டோமில் மெதுவான பந்தில் ஓட்டானியை ஸ்டிரைக் அவுட் செய்தார். செக் அணி 10-2 என்று தோற்றது. ஆனால் ஓட்டானி வராமல் இருந்திருந்தால் சடோரியாவின் அந்தப் பந்துக்கு என்ன மதிப்பு? பெரியவர்கள் வந்தால் சிறியவர்கள் நசுங்குவார்கள் என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

எல்லாப் போட்டிக்கும் இதே பதில் பொருந்துமா என்றால், பொருந்தாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியா தன் லீக்கின் தொழில்முறை வீரர்களை இறக்கியது. இறுதியில் எதிரில் நின்ற ஜப்பான், நிறுவன அணிகளின் அமெச்சூர்களை அனுப்பியிருந்தது. கொரியா 3-0 என்று வென்று தங்கம் எடுத்தது. அந்தத் தங்கத்துக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு உண்டு. விலக்குக்காகவே சிலரை அணியில் சேர்த்தார்கள் என்று நாட்டுக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. பயிற்சியாளர் சன் டோங்-யோல் நாடாளுமன்ற விசாரணைக்குப் போக நேர்ந்தது, பிறகு பதவியையே துறந்தார். ஒரு தரப்பு மட்டும் முழுப் பலத்தோடு வருவதும், வருவதன் நோக்கம் ஆட்டத்துக்கு வெளியே இருப்பதும் போட்டியின் மானத்தைக் குறைத்துவிடும்.

மறுபக்கத்தில் 2024 பிரிமியர் 12 போட்டி. மேஜர் லீக் கிளப்புகளின் 40 பேர் பட்டியலில் உள்ள எவருக்கும் அதில் அனுமதி இல்லை. ஆனாலும் தைவான் டோக்கியோவில் ஜப்பானை 4-0 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றது. அணித் தலைவர் சென் சியே-சியென் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்துவிட்டு, நாட்டின் பெயர் இல்லாத தன் சட்டையின் வெற்று மார்பில் விரல்களால் ஒரு கட்டம் வரைந்து காட்டினார். மேஜர் லீக் நட்சத்திரங்கள் இல்லாமலும் பெரிய போட்டி சாத்தியம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சென்னும் தொழில்முறை வீரர்தான், தைவான் லீக்கில். தொழில்முறை வீரர்கள் வேண்டாம் என்பதற்கு இது ஆதாரமாகாது. பருவம் முடிந்த நவம்பரில் நடத்தினால் மேஜர் லீக் தவிர்த்த மற்ற லீக்குகள் வீரர்களை விடத் தயங்குவதில்லை என்பதற்கே ஆதாரம்.

மிஞ்சுவது ஒலிம்பிக். 2005இல் சிங்கப்பூரில் கூடிய ஒலிம்பிக் குழு பேஸ்பாலை 2012 முதல் நீக்கியது. சிறந்த வீரர்கள் வராததும் அதற்கு ஒரு காரணம். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய கூட்டம், கிரிக்கெட்டோடு சேர்த்து பேஸ்பாலையும் 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்தது. ஜூலை மாதம் மேஜர் லீக்கின் 162 ஆட்டப் பருவத்தின் நடுப்பகுதி என்பதால் வீரர்களை விடுவது கடினம் என்கிறார்கள். ஆனால் 2008 ஒலிம்பிக்குக்காகக் கொரிய லீக் தன் பருவத்தை நிறுத்தி வைத்தது. கொரிய அணி 9 ஆட்டங்களையும் வென்று தங்கம் எடுத்தது. இடையில் பேஸ்பால் திரும்பிவந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஜப்பான் லீக்கும் நிறுத்தியது. ஆறு அணிகள் மட்டும் ஆடும் ஒரு வாரப் போட்டிக்கு, அதுவும் டாட்ஜர் மைதானத்திலேயே நடப்பதற்கு, உலகின் பணக்கார லீக்கால் இடைவெளி விட முடியாது என்பதை ஏற்க இயலாது. அப்படி நிறுத்த மனமில்லை என்றால், பருவத்தின் நடுவே வீரர்களை மட்டும் பிய்த்துக்கொண்டு போகச் சொல்வதும் தவறு. லீக் முழுவதும் நிற்க வேண்டும், அல்லது யாரும் போகக்கூடாது.

என் தீர்ப்பு இது. தொழில்முறை வீரர்கள் சர்வதேசப் போட்டிகளில் ஆட வேண்டும்; ஆடுவதா இல்லையா என்று முடிவெடுப்பவர் வீரராக இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் தவிர வேறெதற்காகவும் கிளப் தடுக்கக்கூடாது, அந்தக் காரணத்தையும் இரு தரப்புக்கும் பொதுவான மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். பந்து எண்ணிக்கை வரம்பு தொடர வேண்டும். காப்பீட்டுச் செலவைப் போட்டியின் வருமானத்திலிருந்தே பொது நிதியாக ஒதுக்க வேண்டும், அப்போதுதான் பழைய காயம் உள்ளவருக்கும் கதவு திறக்கும். கிளாசிக்கின் லகான் மேஜர் லீக் கையிலும் அதன் வீரர் சங்கத்தின் கையிலும் மட்டும் இருப்பது மாற வேண்டும். வருமானப் பங்கில் அநீதி என்று ஜப்பான் வீரர்கள் 2012இல் 2013 கிளாசிக்கைப் புறக்கணிப்பதாக அறிவித்த பிறகே விளம்பர வருமானத்தில் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது.

எட்வின் டியாஸின் முழங்காலைக் காட்டி இந்தத் தீர்ப்பை எதிர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உடலுக்கு வந்த ஆபத்தை முழுவதும் சுமந்தவர் அவர்தான், ஆட வேண்டும் என்று முடிவெடுத்தவரும் அவர்தான். அந்த உரிமையை அவரிடமிருந்து பிடுங்கிக் கிளப்பிடம் கொடுத்தால் காயங்கள் குறையும் என்பதற்கு ஆதாரமில்லை. பல சிறு நாடுகள் தங்கள் பிள்ளைகளை இழக்கும் என்பதற்கோ ஆதாரம் ஏராளம்.