200 கச்சேரி, 1 கோடி ரூபாய்: ஒரு சின்னக் கணக்கு

எம்.எஸ். சுப்புலட்சுமியைப் பற்றி இணையத்தில் எதைத் திறந்தாலும் ஒரு வரி தவறாமல் வரும்: 200-க்கும் மேற்பட்ட நிதியுதவிக் கச்சேரிகள் பாடினார், 1 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிக் கொடுத்தார். அடுத்த வரியும் பழகியதுதான். அவர் குரலைக் கேட்டு ஜனங்கள் மனம் இளகி அள்ளிக் கொடுத்தார்களாம். முதல் வரியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதுதான் இடிக்கிறது.

1 கோடியை 200-ஆல் வகுத்தால் கச்சேரிக்கு 50,000. சராசரி என்பது மொட்டைக் கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். 1944-ல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக அவர் 5 கச்சேரி பாடியபோது ரூபாய்க்கு இருந்த மதிப்பு வேறு, 1970களில் வேறு. ஆனாலும் இதன் உருவம் பிடிபடுகிறது. ஒரே ராத்திரியில் ஊரைப் புரட்டிப்போட்ட சமாச்சாரம் இல்லை இது. அளவான தொகை, திரும்பத் திரும்ப, பல வருஷம்.

அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர் யார்? எம்.எஸ். பாட்டுக் கேட்க டிக்கெட் வாங்கினவர். பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டாலும் வந்திருப்பார். உண்மையில் கொடுத்தது, சன்மானத்தை விட்டுக்கொடுத்த பாடகிதான். ரசிகரின் ஆசை காசாக மாறியது. அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். எங்க ஊர்க் காட்டில் வாய்க்கால் மடை மாற்றுகிற மாதிரி. கணவர் சதாசிவத்துக்கு இந்த வேலை முன்பே பழக்கம். 1941-ல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்ததே 'கல்கி' பத்திரிகை தொடங்கப் பணம் வேண்டும் என்பதற்காக. அது தர்மம் இல்லை, ஆனால் வழிமுறை இதேதான். 1974-ல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தவர்கள் பொதுச்சேவைப் பிரிவில் கொடுத்தார்கள். சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

இத்தனை கச்சேரியில் எந்தக் காரணத்துக்காவது நாடு முழுக்கப் பேச்சு எழுந்ததா? கஸ்தூர்பா நிதியைத் தவிர, எதற்கெல்லாம் பாடினார் என்று கேட்டால் அவருடைய தீவிர ரசிகர்களே யோசிப்பார்கள்.

விழிப்புணர்வுக்கு வேறொரு கச்சேரியைப் பார்க்க வேண்டும். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் ஜார்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்த வங்கதேசக் கச்சேரி. ஒரே நாளில் 2 நிகழ்ச்சி, சுமார் 40,000 பேர். ரவிசங்கர் குழுவினர் சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்டியது! அவரும் அதை லேசாகக் கிண்டல் செய்துவிட்டுத்தான் வாசிக்க ஆரம்பித்தார். பாப் டிலனையும் எரிக் கிளாப்டனையும் பார்க்க வந்த கூட்டம் அது. ஆனால் அமெரிக்க அரசு பாகிஸ்தான் பக்கம் நின்ற நேரத்தில், 'பங்களாதேஷ்' என்ற பெயர் அந்த மேடையிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

பணம்? டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர் யூனிசெஃபுக்குப் போனது. பெரிய தொகை பிறகு வந்த இசைத்தட்டிலும் படத்திலும் இருந்தது. அதுதான் மாட்டிக்கொண்டது. வரிவிலக்குக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாததால் வரித்துறைச் சிக்கலில் வருஷக்கணக்காகக் கிடந்தது. டெஸ்ட் பண்ணாமல் லைவ் போன சிஸ்டம் என்று எங்க தொழிலில் சொல்வோம்.

ஆக, ஒன்றில் பணம் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது, இன்னொன்றில் பெயர் போய்ச் சேர்ந்தது. இரண்டு வேலையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "இசை மக்களை உதவத் தூண்டுகிறது" என்று எழுதிவிடுகிறோம்.

நம்ம பக்கத்து உதாரணம் 'நெஞ்சே எழு'. 2015 கடைசியில் வந்த வெள்ளத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் 2016-ல் சென்னை, கோவை, மதுரையில் நடத்தியது. வெள்ளத்தைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. எங்க பக்கம் போர்வையும் பிரெட்டும் கட்டி வண்டியில் ஏற்றினவர்கள் யாரும் பாட்டுக் கேட்டுவிட்டு ஏற்றவில்லை, டிசம்பரிலேயே ஏற்றிவிட்டார்கள். அப்படியானால் கச்சேரி வீணா என்றால், இல்லை. டிவி வேறு செய்திக்குப் போன பிறகு வந்த பணம் அது. தண்ணீர் வடிந்த வீட்டுக்கு அடுப்பும் மெத்தையும் பாடப்புத்தகமும் வாங்க வேண்டியது அப்போதுதான். இந்தத் தாமதத்தை நான் அதன் பலமாகவே பார்க்கிறேன்.

குன்னத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்வையற்றோர் இன்னிசைக் குழு எப்போதாவது வரும். ஒரு வேன், இரண்டு ஸ்பீக்கர், உண்டியலோடு ஒருவர். பாட்டு நன்றாக இருந்தால் ஆட்கள் நிற்கிறார்கள். உண்டியல் கிட்டே வந்தால் காசு விழுகிறது. எவ்வளவு உருகிப் பாடினாலும், உண்டியல் வராத பக்கம் நிற்பவர் நடந்து வந்து போட்டு நான் பார்த்ததில்லை.

நிதி திரட்டும் கச்சேரி என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் நான் தேடுவது இதைத்தான்: ஹால் வாடகை, ஒலி, ஒளி போக 500 ரூபாய் டிக்கெட்டில் எவ்வளவு மிஞ்சும், அது யாருடைய கணக்குக்கு, எந்தத் தேதிக்குள் போகும். நான் பார்த்த நோட்டீஸ்களில் பாடகர் படம்தான் முக்கால் பக்கம்.