தொண்டுப் பயிற்சியின் பயனும் குறையும்

பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள ஓர் இளைஞர் மனிதாபிமானத் தொண்டு ஸ்தாபனம் ஒன்றில் சில வாரங்கள் பயிற்சி பெறுவதும், தம் வாழ்நாள் தொழில் இன்னதென்று அங்கே தெளிந்து உற்சாகத்தோடு திரும்புவதும் இன்று பெருவழக்காகிவிட்டன. 'இன்டர்ன்ஷிப்' என்ற பெயர் நமக்குப் புதிதாயினும் வழக்கம் பழையது. 1884இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் எழுந்த டாயின்பி ஹாலில் சர்வகலாசாலை மாணவர்கள் ஏழை மக்களிடையே குடியிருந்து தொண்டாற்றினார்கள்; அதைப் பார்த்துச் சென்ற ஜேன் ஆடம்ஸ் 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளை நிறுவிய சமூகப்பணிப் பள்ளியும், 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய பள்ளியும் களப்பணியைப் பாடத்தின் பிரிக்கவொண்ணா அங்கமாக்கின. இவ்வழக்கத்தின் குணதோஷங்களை நிறுத்துப் பார்க்க உசிலம்பட்டியைவிடத் தக்க இடம் அரிது.

மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையில் உள்ள இவ்வூரின் பெயர், 1986இல் 'இந்தியா டுடே' வெளியிட்ட கட்டுரைக்குப் பின் பெண்சிசுக் கொலையோடு பிணைக்கப்பட்டுவிட்டது. 1994இல் வந்த 'கருத்தம்மா' திரைப்படம் அவ்விஷயத்தைப் பட்டிதொட்டியெல்லாம் பேசவைத்தது. நிருபர்களும் ஆராய்ச்சியாளரும் தொண்டு ஸ்தாபனங்களும், அவற்றின் வழியே மாணவர்களும் இப்பகுதிக்கு வரலாயினர்.

அப்படி வரும் மாணவர் பெறுகின்ற ஞானம் அற்பமானதன்று. தாயின் மனம் கல்லாகிப்போனதே இக்கொடுமைக்குக் காரணம் என்ற எண்ணத்தோடு வருபவர், வரதட்சிணையும், தலைப்பிள்ளை முதல் தாய்மாமன் சீர்வரை நீளும் செலவுகளும், வானம் பார்த்த புன்செய்யும் ஒரு குடும்பத்தை எவ்வாறு நெருக்குகின்றன என்பதைப் பிரத்தியட்சமாகக் காண்கிறார். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பாசனத்தால் பணப்புழக்கம் ஏற, அதனோடு வரதட்சிணையும் ஏறியது என்று ஆய்வாளர் சிலர் கூறுவதைக் கேட்கும்போது, வளம் பெருகினால் தீமை தானே குறையும் என்ற சுலபமான நம்பிக்கையும் ஆட்டங்காண்கிறது. வேண்டாத பெண்சிசுவை அரசே ஏற்று வளர்க்க 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் மதுரைக்கும் விரிந்த தொட்டில் குழந்தைத் திட்டம் சிசுவின் உயிரைக் காக்க முயன்றதேயொழிய, அச்சிசுவை வேண்டாததாக்கிய வழக்கத்தைத் தொடவில்லை. கருவின் பாலறிவதைத் தடுக்க 1994இல் சட்டம் பிறந்தும், ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்குத் தமிழகத்தில் 1991இல் 948 ஆக இருந்த பெண்களின் தொகை 2011இல் 943 ஆகவே நின்றது. தொண்டு என்பது நீண்ட நாள் உழைப்பு என்ற இந்தப் பாடத்தை எந்த வகுப்பறையும் இவ்வளவு அழுத்தமாகப் போதிக்க முடியாது.

ஆயினும் குறைகளும் கனமானவை. முதலாவது, கால அளவு. பாஷையின் நெளிவுசுளிவு பிடிபட்டு, ஒரு வீட்டுத் திண்ணையில் உரிமையோடு உட்காரும் வேளையில் பயிற்சி முடிந்துவிடுகிறது. மறு ஆண்டு வேறொருவர் அதே கேள்விகளோடு வருகிறார். தன் துக்கத்தை மறுபடியும் சொல்லும் பாரம் ஊர்ப்பெண்ணின் மேல் விழுகிறது. இம்மண்ணுக்கு ஒரு பழைய வடுவும் உண்டு: ஆங்கிலேயர் ஆட்சியில் கைரேகைப் பதிவை எதிர்த்தோர் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த பெருங்காமநல்லூர் இவ்வூருக்கு அருகிலேதான் உள்ளது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரில் தங்களைப் பேரேட்டில் ஏற்றிய அதிகாரிகளை நினைவில் வைத்திருக்கும் மக்கள், குறிப்பேட்டோடு வரும் அந்நியரைச் சந்தேகத்தோடு பார்த்தால் அதில் வியப்பென்ன? 1968இல் மெக்ஸிகோவில் அமெரிக்கத் தொண்டர் மாணவர்களிடம் பேசிய இவான் இல்லிச், நல்லெண்ணம் மட்டும் போதாது, அதுவே ஊறும் செய்யும் என்று கடிந்துரைத்ததை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும்.

இரண்டாவது குறை, ஊதியமின்மை. 2015இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தில் ஊதியமின்றிப் பயின்ற நியூசிலாந்து இளைஞர் ஒருவர் வாடகைக்கு வழியின்றிக் கூடாரத்தில் தங்கிய செய்தி உலகெங்கும் பரவியது. மாதக்கணக்கில் கைக்காசைச் செலவிடக்கூடியவருக்கே கதவு திறக்குமானால், உசிலம்பட்டிக் கூலித் தொழிலாளியின் மகள் இப்பயிற்சிக்கு வரமாட்டாள். வருபவரின் வினாக்களுக்கு விடை சொல்லும் இடத்திலேயே அவள் நின்றுவிடுவாள்.

மாற்றுவழி தொலைவில் இல்லை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை உதவித்தொகை தந்து இரண்டாண்டு பயிற்றி, தன் பணியின் முதுகெலும்பாக்கிக்கொண்டது. மருத்துவமனைக்கு வருவாய் உண்டு, நன்கொடையை நம்பும் ஸ்தாபனத்துக்கு அது இல்லை என்பது மெய்யே. ஆனால் பயிற்சியால் மதிப்பெண்ணும் சான்றிதழும் வழங்கும் கல்லூரிகள் அச்செலவில் பங்கேற்பது நியாயமே. குறைந்தது ஆறு மாதக் காலம், உள்ளூர்ப் பெண்களுக்குச் சரிபாதி இடம், எழுதிய அறிக்கையை ஊர்க்கூட்டத்தில் தமிழில் வாசித்து ஆட்சேபங்களைக் கேட்கும் கடமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் இவ்வழக்கம் பெரிதும் சீர்படும்.

இளைஞர் நெஞ்சில் மூளும் உத்வேகத்தை இகழ்வது என் கருத்தன்று. அதுவின்றி எந்தத் தொண்டும் தொடங்காது. ஆனால் அந்த உத்வேகத்தை அளித்த ஊருக்குக் கைம்மாறாக என்ன கிட்டியது என்ற கணக்கையும் பயிற்சி முடிவில் கேட்டாக வேண்டும். அக்கணக்கைக் கேட்காத ஸ்தாபனம் மாணவருக்குத் தொழிலைக் காட்டலாம். தொண்டைக் கற்பித்ததாகச் சொல்லிக்கொள்ள இயலாது.