வண்ணம் எதுவரை ஆற்றும்?

குமாரபாளையத்து விசைத்தறிக் கூடத்துக்குள் காதோரம் கத்தினால்தான் பேச்சு கேட்கும், இல்லையென்றால் கைச்சாடைதான். மீட்டர் கணக்கில் கூலி, தறி உரிமையாளரிடம் வாங்கி அடைபடாத அட்வான்ஸ், அதற்கு மேல் வட்டிக்கடன். கடன் முற்றிச் சிறுநீரகத்தை விற்றவர்களையும் இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. இப்படி நொந்துபோன ஒருவரிடம் "மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்றால் "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் பதில் வரும். பேச்சு எழாத இடத்தில் தூரிகை வழி திறக்குமா?

திறக்கும் என்பதற்கு இலங்கையின் மட்டக்களப்பு சாட்சி. கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகமும் 1996இல், போருக்கு நடுவே, அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் சேர்ந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். இந்த முறையின் உண்மையான பலம் அவசரப்படுத்தாமையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டதை வாய்விட்டுச் சொல்லும் முன்பே, குழந்தை அதைத் தனக்கு வெளியே தாளில் வைத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் கிழித்தும் போடலாம். கூடவே, விட்டுப் போகாத பெரியவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். வண்ணத்தின் பங்கு எவ்வளவு, அந்த அண்மையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

ஆய்வுகளும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. அமெரிக்காவில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 45 நிமிடம் கலைப்பணி செய்த 39 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்குமோ என்னவோ. பிரிட்டனில் மனச்சிதைவு நோயாளிகள் 417 பேரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், குழுவாகச் செய்த ஓவியச் சிகிச்சை வழக்கமான மருத்துவத்தைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பலர் அமர்வுகளுக்கே சரியாக வரவில்லை. இதை வைத்து ஓவியமே வீண் என்று சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு வரைந்தால் போதும் என்பவரை நம்பக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

எனக்கு அதிகம் அச்சம் தருவது படத்துக்குப் பொருள் சொல்லும் பழக்கம். கறுப்பு தீட்டினால் மனச்சோர்வு, கதவில்லாத வீடு வரைந்தால் பயம் என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். சாயப்பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கறுப்புத் தண்ணீர் வரைந்தால், அது கண்ணால் கண்டதை வரைந்ததாகவே இருக்கலாம். கேட்டால் பிள்ளையே சொல்லும். கேட்காமல் நோய்ப்பெயர் ஒட்டுவது கொடுமை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்முறையாளர் சட்டம் கலைச் சிகிச்சையாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது; பயிற்சியின் தரமும் அதற்கேற்ப உயர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடன்காரர் வாசலில் நிற்கும்போது வரும் தூக்கமின்மைக்குக் காரணம் கடன். அதைத் தாங்கப் பழக்குவதற்காக மட்டும் வண்ணம் கொடுத்தால் அது அநியாயத்துக்குத் துணைபோகும். மனநல மருத்துவரும் கடனுக்கு வழி சொல்பவரும் கூடவே இருந்தால் இதே ஓவிய அமர்வு நல்ல தொடக்கமாகும். நாள் முழுக்க அடுத்தவர் சொன்ன டிசைனை நெய்கிறவருக்குத் தானே தேர்ந்த நிறம் சிறிய விஷயமல்ல. ஆனால் மீட்டருக்குக் கூலி வாங்குபவர் ஒரு மணி நேரம் தறியை விட்டு வந்தால் அந்த மணிக்குக் காசு கிடையாது. இங்கே இதைத் தொடங்க நினைப்பவர்கள் பிரஷ், பெயின்ட் வாங்குவதற்கு முன் அந்தக் கூலிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.