கை தெரியும், ஆள் தெரியாது

முத்துக்குளித்துறைப் பரதவரின் பொருட்டு 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழிகளுள் தமிழே முதலில் அச்சு வாகனம் ஏறியது என்பதற்கு அது சான்றாகும். அதோடு, புன்னைக்காயலில் இருந்து ஊழியம் புரிந்த அண்டிறீக்குப் பாதிரியாரே அதனைத் தமிழில் ஆக்கினார் என்பதை அதன் முகப்புப் பக்கம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது என்பதும் கருதத்தக்கது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழிந்தபின், இக்கரைக்கு வெகுதூரமில்லாத சிவகாசியில் அச்சாகி, தூத்துக்குடிச் சிறுவர்களின் பள்ளிப் பைகளுக்குள் ஒளிந்துகொண்ட சித்திரக்கதைப் புத்தகங்களிலோ, வரைந்தவர் இன்னார் என்பதை அறிய மார்க்கமே இல்லை.

1972-இல் அச்சிவகாசியில் சௌந்தரபாண்டியன், முல்லை தங்கராசனைப் பொறுப்பாசிரியராகக் கொண்டு, 'முத்து காமிக்ஸ்' என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். (பெயரில் மட்டுமே முத்து, நம்முடைய முத்துக்குளிப்பான சலாபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் அவனை 1962-இல் 'வேலியண்ட்' என்ற ஆங்கில வார இதழுக்காகச் சிருஷ்டித்தவர் கென் புல்மர். பின்னர்க் கதையைத் தொடர்ந்தவர் டாம் டல்லி. வரைந்தவர், 1919-இல் பார்சிலோனாவில் பிறந்த ஹெஸூஸ் பிளாஸ்கோ. அக்காலத்து ஆங்கில வார இதழ்கள் சித்திரக்காரரின் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லாதவை ஆகையால், நிழலையும் வெளிச்சத்தையும் அத்தனை நுட்பமாகக் கையாண்ட பிளாஸ்கோவின் கதியும் அவர் வரைந்த நாயகனின் கதியே ஆயிற்று. கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

நம் நாட்டிலேயே கதை புனைந்து, நம் நாட்டிலேயே வரையச் செய்தவர்களுள் தலையாயவர் வாண்டுமாமா. புதுக்கோட்டைச் சீமையின் அரிமழத்தில் 1925-இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி என்பவரே இவர். பெரியவர்களுக்கு எழுதுகையில் கௌசிகன். குழந்தைகளுக்கு எழுதுகையில் வாண்டுமாமா. இப்பெயரைச் சூட்டியவர் ஓவியர் மாலி என்பதையும், இளமையிலேயே கிருஷ்ணமூர்த்திக்குச் சித்திரத்தில் நாட்டம் இருந்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், அவர் எழுத்தின் ரகசியம் ஒருவாறு புலப்படும். வாக்கியத்தால் யோசிப்பவருக்கும் கட்டத்தால் யோசிப்பவருக்கும் பேதம் உண்டு. படம் காட்டப்போவதைச் சொல்லால் மறுபடியும் சொல்லாமல் விட்டுவிடும் அடக்கம் பின்னவருக்கே கைவரும். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் கதைகளில், அந்நிய மொழியின் அளவுக்கு வரையப்பட்ட வசனக் கூட்டுக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை நெருக்கித் திணிக்க வேண்டிய சங்கடம் எப்போதும் உண்டு. தமிழிலேயே பிறந்த கதைக்கு அச்சங்கடம் இல்லை. வாண்டுமாமாவின் கதைக்கு ஓவியர் செல்லம் வரைந்த 'பலே பாலு'வில் பேச்சும் படமும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நிற்பதை இன்றைக்கு எடுத்துப் பார்ப்பவரும் உணரலாம்.

'கல்கி'யில் நெடுங்காலம் பணியாற்றியும், 1972-இல் அந்நிறுவனம் தொடங்கிய 'கோகுலம்' இதழை உருவாக்குவதில் பங்கேற்றும், 1984-இல் 'பூந்தளிர்' இதழுக்கு ஆசிரியராக அமர்ந்தும், நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியும், 'எதிர்நீச்சல்' என்று தம் சரிதத்துக்குப் பெயரிட்டும், 2014 ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். இலக்கிய விமரிசகர்கள் அவரைக் குழந்தை எழுத்தாளர் என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவைத்தது நியாயமன்று என்பதே என் துணிபு.

அதே 1984-இல் சௌந்தரபாண்டியனின் புதல்வர் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதற்குச் சற்று முன்பு, பம்பாயில் அனந்த் பை நடத்திய 'டிங்கிள்' இதழில், திருச்சி வாசகர் ஒருவர் எழுதியனுப்பிய கதையிலிருந்து சுப்பாண்டி பிறந்தான். சுப்பாண்டியை அறியாத குழந்தை அரிது; அவனுக்கு முதல் உருவம் கொடுத்த ராம் வாயீர்க்கரை அறிந்த பெரியவரும் அரியரே.

இவற்றையெல்லாம் இக்கடற்கரையில் இருந்துகொண்டு எண்ணும்போது, கொற்கை முதற்கொண்டு நம் கண்ணெதிரே கிடக்கும் பொருளின் வளம் நெஞ்சை உறுத்தாமல் இல்லை. கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கி, கடலடிச் சிப்பித் திட்டாகிய பாருக்கு இறங்கும் குளியாளி. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்தபடி, அதன் ஒரு சிறு அசைவுக்காகக் காத்திருக்கும் துணையாள். இருவருக்கும் இடையே பேச்சே இல்லாத அந்தச் சில கணங்கள். சொல்லுக்கு இடமின்றிப் படத்துக்கே உரிய இக்காட்சியைக் காட்டிலும் சித்திரக்கதைக்கு உகந்தது வேறு என்ன வேண்டும்? தூத்துக்குடிப் பார்களில் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். அப்போது குளித்தவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் தொண்ணூறை நெருங்கும் முதியவர்களாகத்தான் இருக்கக்கூடும். நம் ஊர் இளைஞர் எவரேனும் அவர்களைத் தேடிச் சென்று, கேட்டு, வரைய முற்படுவாராயின், அவரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: முதற் பக்கத்தில் குளியாளியின் பெயரை எழுதுங்கள், அதன் கீழே, தயங்காமல், உங்கள் பெயரையும் எழுதுங்கள்.