5.8 மில்லிமீற்றரின் விலை

சாம்சங் நிறுவனம் 2025 மே மாதத்தில் கலக்ஸி எஸ்25 எட்ஜ் என்ற போனை அறிமுகப்படுத்தியது. அதன் தடிப்பு 5.8 மில்லிமீற்றர், நிறை 163 கிராம், திரை 6.7 அங்குலம். அமெரிக்காவில் தொடக்க விலை 1,099 டொலர். நம்முடைய யாழ்ப்பாணத் தீவகத்தில் இந்த விலைக்குக் கடையில் போன் வாங்குவோர் மிகக் குறைவு. ஆனால் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் பிள்ளைகளையும் சகோதரங்களையும் கனடாவுக்கும் சுவிஸுக்கும் பிரான்சுக்கும் அனுப்பாத வீடுகள் அரிது. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் இப்படியான போன்கள் வந்து இறங்குகின்றன. ஆகவே இது யாருக்கு உதவும், யாரைக் கைவிடும் என்று பார்ப்பது வீண் வேலையல்ல. போன்களை மதிப்பிட்டு எழுதுவோர் பெரும்பாலும் பெருநகரவாசிகள். சார்ச் போட இடம் எங்கும் உண்டு, மழையைத் தவிர வேறு தண்ணீர் இல்லை என்பது அவர்களுடைய உலகம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருப்பவருடைய தேவை வேறு.

முதலில் இதன் உண்மையான சிறப்பைச் சொல்லவேண்டும். மெல்லிய போன் என்றதும் பலர் அழகைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அழகு இரண்டாம் பட்சம். தீவக வீடுகளில் போனை அதிக நேரம் கையில் பிடித்திருப்பவர்கள் இளைஞர்கள் மட்டுமல்ல. ரொறன்ரோவில் இருக்கும் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் ஒரு மணித்தியாலம் வீடியோவில் பேசும் அம்மாக்களும் அப்பாக்களும்தான். மூட்டு வலியும் கைநடுக்கமும் உள்ள ஒருவருக்கு 218 கிராம் நிறையுள்ள எஸ்25 அல்ட்ராவைத் தூக்கிப் பிடிப்பது வேதனை. சிறிய போனைக் கொடுத்தால் நிறை குறையும், ஆனால் பேரனுடைய முகம் சரியாகத் தெரியாது. பெரிய திரையையும் குறைந்த நிறையையும் ஒன்றாகத் தரும் போன்கள் சிலவே. எட்ஜ் அதைத் தருகிறது. இதை நான் சிறிய விடயமாக நினைக்கவில்லை. இந்தப் போனுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான்.

உடலும் திரையும் குறை சொல்லும்படி இல்லை. சட்டம் டைட்டானியம், முன்பக்கம் கொரில்லா கிளாஸ் செராமிக் 2. உச்ச ஒளிர்வு 2,600 நிட்ஸ் என்பதால், நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளில் பட்டுத் தெறிக்கும் நண்பகல் வெயிலிலும் எழுத்தைப் படிக்கலாம். ஏழு ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்படுத்தல் தருவதாக நிறுவனம் உறுதியளித்திருக்கிறது.

இனி பற்றரி. எட்ஜின் பற்றரி 3,900 மில்லியம்பியர் மணி. இதே 6.7 அங்குலத் திரையும் இதே ஸ்னாப்டிராகன் 8 எலீட் சிப்பும் கொண்ட எஸ்25 பிளஸின் பற்றரி 4,900. பிளஸின் தடிப்பு 7.3 மில்லிமீற்றர், நிறை 190 கிராம், தொடக்க விலை 999 டொலர். அதாவது ஒன்றரை மில்லிமீற்றரையும் 27 கிராமையும் குறைப்பதற்காக வாங்குபவர் நூறு டொலர் கூடுதலாகக் கொடுக்கிறார், பற்றரியில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறார். வீடியோ ஓடும் நேரமாக நிறுவனமே தரும் கணக்கு பிளஸுக்கு 30 மணித்தியாலம், எட்ஜுக்கு 24. சார்ச் ஏறும் வேகமும் குறைவு. பிளஸ் 45 வாட் ஏற்கும், எட்ஜ் 25 வாட்தான். சீக்கிரம் இறங்குகிற பற்றரி மெதுவாக ஏறுகிறது என்றால், ஒரு குறையை மற்றொன்று இரட்டிப்பாக்குகிறது.

கொழும்பில் இருப்பவர் இதைச் சமாளித்துவிடுவார். தீவுகளில் அது எளிதல்ல. பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்தோடு இணைந்த ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்துக்குத் தேசிய மின்வலையமைப்பு வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் அதில் சேராதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே அவை காலம் கழித்து வந்திருக்கின்றன. காற்றாலை, சூரிய மின்கலம், சேமிப்புப் பற்றரி எல்லாம் சேர்ந்த கலப்பு மின் திட்டத்துக்கு இந்திய நிதியுதவியோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில்தான். இன்னொன்று சிக்னல். கோபுரத்திலிருந்து தூரம் போகப் போகப் போன் தன் அலைபரப்பு வலுவைக் கூட்டுகிறது. சிக்னல் அறுந்தால் ஓயாமல் தேடுகிறது. இரண்டும் பற்றரியைத் தின்னும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல் வழி. காலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, வைத்தியசாலையிலும் கச்சேரியிலும் அலைந்துவிட்டு, பின்னேரப் படகில் திரும்பும் ஒருவருக்கு நாளின் கடைசியில்தான் போன் மிகவும் தேவைப்படும். படகு புறப்பட்டதா, இறங்குதுறைக்கு யார் வருவது என்று கேட்க வேண்டிய நேரம் அது.

பவர் பாங்க் கொண்டுபோகலாமே என்று கேட்பார்கள். சாதாரணப் பவர் பாங்க் ஒன்றே 200 கிராம் அளவில் இருக்கும். போனில் 27 கிராமைக் குறைத்துவிட்டு, அதை ஓடவைக்கப் பையில் 200 கிராமைச் சுமப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கவரும் அப்படித்தான். ஆடும் படகில் ஏறி இறங்குகிறவர் எவரும் இந்த விலைப் போனைக் கவர் போடாமல் வைத்திருக்கமாட்டார். போட்டதும் மெல்லிய தடிப்பில் பெரும்பகுதி மறைந்துவிடும், பற்றரி மட்டும் சிறியதாகவே இருக்கும்.

தண்ணீர் விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். எட்ஜுக்கு ஐபி68 தரம் உண்டு. ஒன்றரை மீற்றர் ஆழ நன்னீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். கடற்கரையிலோ நீச்சல் குளத்திலோ பயன்படுத்துவது உகந்ததல்ல என்று நிறுவனமே சொல்கிறது. நம்முடைய படகில் தெறிப்பது உப்புத் தண்ணீர். சார்ச் துளைக்குள் உப்பு ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உலோக முனைகள் அரிக்கும். அதனால் ஈரத்தை உணர்ந்ததும் போன் வயர் வழியாகச் சார்ச் ஏற்க மறுக்கும். இது நல்ல பாதுகாப்பு. ஆனால் சிறிய பற்றரியோடு சேரும்போது, வீடு வந்து சேர்ந்தும் போன் காயும் வரை காத்திருக்க வேண்டிவரும். உப்பு பட்டால் நன்னீரால் அலசித் துடைக்கவேண்டும், துளை காயும் வரை வயர் இல்லாத சார்ச்சர்தான் வழி. தடித்த போன்களுக்கும் இதே விதிதான், ஆகவே இதை எட்ஜின் தனிக் குற்றமாக்கமாட்டேன். ஐபி68 என்று கேட்டு மீன்பிடி வள்ளத்துக்குத் துணிந்து கொண்டுபோகாதீர்கள் என்பதே என் கவலை.

கமராவில் தீர்ப்பு பாதிக்குப் பாதி. 200 மெகாபிக்சல் பிரதானக் கமரா மிக நல்லது. 12 மெகாபிக்சல் அகலக் கமராவால் நெடுந்தீவின் பெருக்குமரத்தை, பக்கத்தில் நின்றே, முழுதாகப் பிடிக்கலாம். தூரத்தை இழுக்கும் லென்ஸ் இல்லை. பிளஸில் மூன்று மடங்கு இழுக்கும் தனி லென்ஸ் உண்டு. எட்ஜ் பெரிய கமராவின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துச் சமாளிக்கிறது. இரண்டு மடங்கு வரை அது போதும். நெடுந்தீவுக் குதிரைகளோ ஆள் நெருங்கினால் விலகும், நயினை நாகபூசணி அம்மன் தேர் சனக்கூட்டத்துக்கு அப்பால் போகும். அங்கே வெட்டியெடுத்த படம் மங்கும்.

மெல்லியதாகச் செய்தால் பற்றரி சிறுக்கத்தானே வேண்டும் என்று இவற்றையெல்லாம் மன்னிக்கலாமா? பத்தாண்டுக்கு முன்பு என்றால் மன்னித்திருப்பேன். 2014இல் ஒப்போ ஆர்5 4.85 மில்லிமீற்றரில் வந்தபோது அதில் 2,000 மில்லியம்பியர் மணிக்கு மேல் அடைக்க வழியில்லை. இன்று வழி உண்டு. வழக்கமான பற்றரியின் அனோட்டு காரீயத்தால் (கிராபைட்டால்) ஆனது. அதே நிறையுள்ள சிலிக்கன், கோட்பாட்டளவில், ஏறத்தாழப் பத்து மடங்கு இலித்தியத்தை ஏற்கும். ஏற்கும்போது மூன்று மடங்குக்கு மேல் ஊதிவிடும் என்பதால் காபனோடு கலந்து அளவாகச் சேர்க்கிறார்கள். 2025 நவம்பரில் வந்த மோட்டரோலா எட்ஜ் 70 இந்த முறையால் 5.99 மில்லிமீற்றர் உடலில் 4,800 மில்லியம்பியர் மணியை வைத்திருக்கிறது. நிறை 159 கிராம், சார்ச் 68 வாட். அதன் சிப் சாம்சங்கினது அளவு வலுவானதல்ல. என்றாலும் மெல்லிய உடலில் ஒரு முழு நாளுக்கான பற்றரியை வைக்கலாம் என்பதை அது நிரூபித்துவிட்டது. 2016இல் நோட் 7 பற்றரிகள் தீப்பற்றி உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெறப்பட்ட அனுபவம் சாம்சங்கைப் பழைய முறையோடு நிறுத்தியிருக்கலாம். அந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். அதற்கான விலையை வாங்குபவரிடம், அதுவும் கூடுதலாக, கேட்பதை ஏற்கமுடியாது.

ஆகவே படகேறிப் போய்வரும் ஆசிரியர், தாதி, கிராம அலுவலர், கடற்றொழிலாளர் எவருக்கும் இதை ஒரே போனாக வாங்கச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு எஸ்25 பிளஸ், தொடக்க விலைப்படி நூறு டொலர் மலிவான, உறுதியான தெரிவு. மெல்லியதுதான் வேண்டுமென்றால் மோட்டரோலாவைப் பார்க்கட்டும். ஊர்காவற்றுறையில் இருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வருகிறவருக்குச் சாம்சங் எட்ஜ் சமாளிக்கும், ஆனால் அந்தக் கூடுதல் நூறு டொலருக்கு அவருக்கும் காரணம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வீட்டோடு இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ அனுப்புவதென்றால் மட்டும் என் விடை மாறும். சார்ச்சர் பக்கத்திலேயே இருக்கும், கடல் தெறிக்காது, கை வலிக்காது. பெட்டிக்குள் சார்ச்சர் வராது என்பதால் 25 வாட் சார்ச்சர் ஒன்றையும், வயர் இல்லாமல் சார்ச் ஏற்றும் தட்டு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.